8 சொல்லைத் தாண்டாத மோர்ஸ்: எண்ணுவதை முதலில் விடுங்கள்

கேள்வி: ஹாம் வானொலி உரிமம் கையில் இருக்கிறது. அட்டவணையைப் பார்த்துப் புள்ளியும் கோடுமாக மோர்ஸை மனப்பாடம் செய்தேன். மெதுவாக வந்தால் எழுதிவிடுகிறேன். ஆனால் எவ்வளவு பழகியும் நிமிடத்துக்கு 8 சொல்லுக்கு மேல் ஏறவில்லை. சிற்றலையில் கேட்கும் நிலையங்களோ பிடிபடாமல் ஓடுகின்றன. எப்படி முன்னேறுவது? ஸ்ட்ரெய்ட் கீ (மேலும் கீழும் அழுத்தும் ஒற்றை விசை) வாங்குவதா, பேடில் (இரு பக்கமும் அழுத்தும் விசை) வாங்குவதா?

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை. அட்டவணைதான் குறுக்கே நிற்கிறது. மோர்ஸ் வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். டிட் (புள்ளியின் ஒலி; எழுத்தின் நடுவில் ‘டி’) ஓர் அலகு, டா (கோட்டின் ஒலி) மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஓர் அலகு, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. இப்படிக் கூட்டினால் அந்தச் சொல் சரியாக 50 அலகு வரும். ஆகவே 1200-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு டிட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும்: 8 சொல் வேகத்தில் 150, 20 சொல் வேகத்தில் 60.

8 சொல் வேகத்தில் க்யூ என்ற எழுத்து (டா-டா-டி-டா) ஒலித்து முடிய ஏறக்குறைய 2 விநாடி ஆகிறது. அதற்குள் நீங்கள் கோடுகளை எண்ணி, மனத்திலிருக்கும் அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடலாம். 20 சொல் வேகத்தில் அதே எழுத்து 0.78 விநாடியில் முடிந்துவிடும். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து பாதி போயிருக்கும். சராசரியாகப் பார்த்தாலும் 10 சொல் வேகம் என்றால் எழுத்துக்கு 1.2 விநாடிதான். எண்ணித் தேடும் பழக்கம் 8-லிருந்து 10-க்குள் முட்டி நிற்பது இதனால்தான். அதே வழியில் இன்னும் ஆறு மாதம் பழகினால் தேடல் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியது இது: எழுத்தை எப்போதும் முழு வேகத்தில், ஒரே ஒலியாகக் கேளுங்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுத்துக்கூட்டிப் பார்த்தா திரும்புகிறோம்? டா-டி-டா என்ற தாளம் காதில் விழுந்ததும் கை ‘கே’ என்று எழுத வேண்டும்; இடையில் கோடும் புள்ளியும் வரக் கூடாது.

பயிற்சி மென்பொருள் எதுவானாலும் இரண்டு வேக அமைப்புகள் இருக்கும். எழுத்து வேகத்தை 20-இல் வையுங்கள். மொத்த வேகத்தை 8-இல் வையுங்கள். எழுத்துகள் விரைவாக ஒலிக்கும், இடைவெளி மட்டும் நீளும். இதை ஃபார்ன்ஸ்வொர்த் இடைவெளி என்பார்கள். இந்த அமைப்பில் எழுத்துகளுக்கு நடுவே சுமார் 0.9 விநாடியும் சொற்களுக்கு நடுவே சுமார் 2 விநாடியும் கிடைக்கும். யோசிக்க நேரம் உண்டு, எண்ண வழியில்லை. தேறத் தேற மொத்த வேகத்தை ஒன்றிரண்டு சொல்லாக ஏற்றிக்கொண்டே போங்கள். எழுத்து வேகத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். ‘இன்று மட்டும் 13-இல் வைத்துக்கொள்கிறேன்’ என்று இறங்கினால் பழைய எண்ணிக்கை அன்றைக்கே திரும்பிவிடும்.

எழுத்துகளைச் சேர்க்கும் வரிசைக்கு, 1930-களில் ஜெர்மனிய உளவியலாளர் லுட்விக் கோக் வகுத்த முறையே இன்றும் போதும். இரண்டே எழுத்துகளோடு தொடங்குங்கள்; வழக்கமாக கே, எம். அவை கலந்து வரும் ஐந்தைந்து எழுத்துக் கட்டங்களை ஐந்து நிமிடம் எழுதி, திருத்திப் பாருங்கள். 90 விழுக்காடு சரியென்றால் மூன்றாவது எழுத்தைச் சேருங்கள். இல்லையென்றால் அதே இரண்டுதான். நூறு விழுக்காடு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மிச்சத்தை அடுத்த பாடங்கள் சரிசெய்துவிடும். அட்டவணை ஏற்கெனவே தெரியுமே என்று பாதியிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இது புதிதாகக் கற்பவர்களைவிடக் கடினம், பழைய வழியை மறக்கவும் வேண்டியிருப்பதால். முதல் இரண்டு வாரம் இருந்ததும் போய்விட்டது போலத் தோன்றும். 8 சொல் எழுதியவர் மூன்று எழுத்தில் தடுமாறுவார். அது எதிர்பார்க்க வேண்டியதே.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு இருமுறை 15 நிமிடம் நல்ல பலன் தரும். காது களைத்த பிறகு எழுதுவதெல்லாம் ஊகம். ஓர் எழுத்து தவறினால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். விட்டதைப் பிடிக்க நின்றால் பின்னால் வரும் நான்கும் போகும். வேகம் ஏறும்போது பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்; விட்டுவிடுவதும் பழக வேண்டிய ஒரு திறமை.

சில எழுத்துகள் எல்லோரையும் குழப்பும். எஸ், எச், 5 (மூன்று, நான்கு, ஐந்து டிட்) ஒரு கூட்டம். யூ, வி, 4 இன்னொன்று. எல் (டி-டா-டி-டிட்), எஃப் (டி-டி-டா-டிட்) ஓர் இணை; க்யூ, ஒய் மற்றோர் இணை. குழப்புகிற இரண்டை மட்டும் தனியாக எடுத்து, வேகத்தை 25-க்கு ஏற்றி ஐந்து நிமிடம் கேளுங்கள். மெதுவாக்கினால் தெளியும் என்று தோன்றும்; உண்மை நேர்மாறு. மெதுவாக்கினால் டிட்டுகளை எண்ணத்தான் தொடங்குவீர்கள்.

மொத்த வேகம் 12-ஐ எட்டியதும் கலப்பு எழுத்துக் கட்டங்களோடு அழைப்புக்குறிகளையும் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அடையாளக் குறி), மோர்ஸ் உரையாடலில் அடிக்கடி வரும் குறுஞ்சொற்களையும் சேருங்கள். 15-க்கு மேல் பேனாவைக் கீழே வைத்துக் கேட்கப் பழகுங்கள்; பெயர், ஊர், சிக்னல் மதிப்பு மட்டும் குறித்தால் போதும். மோர்ஸ் ஒலியை எழுத்தாக்கித் திரையில் காட்டும் கணினி டிகோடரைக் கேட்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டாம். கண் திரைக்குப் போனால் காது வேலையை நிறுத்திவிடும். போதாததற்கு, சிக்னல் ஏறி இறங்கும்போதும் கையால் அனுப்புபவரின் இடைவெளி பிசகும்போதும் அது உளறும். நீங்கள் அனுப்புவதைச் சோதிக்க மட்டும் அதே டிகோடர் அருமையான கருவி: அதற்குப் புரியவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் இடைவெளிதான் கோளாறு.

இனி கீ. உங்கள் இலக்கு 20 சொல் என்றால் பேடிலும் கீயரும் (பேடிலை அழுத்தினால் டிட், டாவைத் தானே உருவாக்கும் மின்னணுக் கருவி) வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. முதலில் ஸ்ட்ரெய்ட் கீதான் பழக வேண்டும் என்ற கட்சிக்கு ஆள்கள் நிறைய உண்டு. கை தாளத்தை உணரும் என்பது உண்மையும்கூட. ஆனால் கீயர் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தைப் பிசகாமல் தரும். நீங்கள் அனுப்புவதைக் கேட்டே உங்கள் காதும் தேறும். ஸ்ட்ரெய்ட் கீயில் 15 சொல்லுக்கு மேல் நீண்ட நேரம் சீராக அனுப்புவது பலருக்குக் கை வலியில் முடிகிறது.

அதையே விரும்பினால் கீயை மேசை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, முழங்கை வரை மேசையில் படியும்படி வையுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும், விரல் நுனியால் தட்டாதீர்கள். தொடுமுனை இடைவெளி ஒன்றிரண்டு தாள் கனம் போதும், அதாவது 0.1 முதல் 0.2 மி.மீ. அகலமாக வைத்தால் டிட்டுகள் விழுங்கப்படும். மிகவும் நெருக்கினால் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும்.

பேடிலில் இரண்டு தொல்லைகள் வழக்கமானவை. ஒன்று பிளக். பெரும்பாலான கருவிகளில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கின் நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி எர்த். மோனோ பிளக் போட்ட ஸ்ட்ரெய்ட் கீயைக் கீயர் இயங்கும் சாக்கெட்டில் செருகினால் வளையம் எர்த்தோடு சேர்ந்துவிடும். தொடாமலே டா-டா-டா என்று ஓடிக்கொண்டிருக்கும். மெனுவில் ஸ்ட்ரெய்ட் கீ முறையைத் தேர்ந்தெடுத்தோ, வளையத்தை இணைக்காத ஸ்டீரியோ பிளக் போட்டோ சரிசெய்யலாம். மற்றொன்று, இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தும் ஐயாம்பிக் முறை. இதில் ஏ வகை, பி வகை என்று இரண்டு. விரல்களை எடுத்த பிறகு ஏ வகை நடப்பிலிருக்கும் ஒலியோடு நிற்கும். பி வகை எதிர் ஒலி ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும். ஒன்றில் பழகிய கை மற்றதில் உட்கார்ந்தால் கே அனுப்பப் போய் சி வரும், ஏ அனுப்பப் போய் ஆர் வரும். எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்து எல்லாக் கருவியிலும் அதையே வையுங்கள். பழகும்போது பிரேக்-இன் அமைப்பை (கீயை அழுத்தியதும் தானே அலையை அனுப்பத் தொடங்குவது) அணைத்துவிட்டால் சைடுடோன் (நீங்கள் அனுப்புவது உங்களுக்கே கேட்கும் ஒலி) மட்டும் கேட்கும், அலை வெளியே போகாது.

காற்றலையில் எல்லாம் ஓடுவதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் ரிசீவர் அமைப்பாகவும் இருக்கலாம். மோர்ஸ் சிக்னலுக்கு 150 ஹெர்ட்ஸ் அளவு அலையகலம் போதும், குரலுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரில் கேட்டால் பக்கத்து நிலையங்கள் நாலைந்து கலந்து வரும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போடுங்கள், சுருதியை 600 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். நிலையத்தின் சுருதி உங்கள் சைடுடோன் சுருதியோடு ஒன்றும் வரை டியூன் செய்யுங்கள். இதைச் செய்யாமல் 400 ஹெர்ட்ஸ் தள்ளிப் பதில் கொடுத்தால், குறுகிய ஃபில்டரோடு இருப்பவருக்கு நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். வலுவான சிக்னல் வந்தும் பதிலே வரவில்லை என்றால் ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் இதையும், ஆர்ஐடி குமிழ் (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்துவது) அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் தொடர்புக்கு 20 வரும்வரை காத்திருக்காதீர்கள். மொத்த வேகம் 10 வந்தாலே போதும். மெதுவாக சிக்யூ (எல்லோருக்குமான பொது அழைப்பு) அழைக்கும் நிலையத்தைத் தேடுங்கள். அழைப்புக்குறி திரும்பத் திரும்ப வருவதால் அதை முழுதாகப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அவர் முடித்ததும் உங்கள் அழைப்புக்குறியை மட்டும் இரண்டு முறை அனுப்புங்கள். வேகமாக வந்தால் க்யூஆர்எஸ் (மெதுவாக அனுப்புங்கள்) என்று அனுப்பினால் குறைப்பார்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பரிமாற்றம் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: சிக்னல் மதிப்பு, பெயர், ஊர், பிறகு 73 (வாழ்த்துகள்). மதிப்பில் 599-ஐ (தெளிவான, வலுவான சிக்னல்) 5 என் என் என்று சுருக்கி அனுப்புவார்கள், திகைக்காதீர்கள். நீங்களே சிக்யூ அழைப்பதானால் முதலில் க்யூஆர்எல் (இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா) என்று கேள்விக்குறியோடு அனுப்பி, சில விநாடி பொறுத்து, இன்னொரு முறையும் கேளுங்கள். உங்களுக்குக் கேட்காத நிலையத்தோடு அந்த அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். எதிர்பார்க்கும் வேகத்தில்தான் அழையுங்கள்; 18-இல் அழைத்தால் பதிலும் 18-இல்தான் வரும்.

நடுவில் தவறு நேர்ந்தால் எட்டு டிட் அனுப்பிவிட்டு அந்தச் சொல்லின் தொடக்கத்திலிருந்து மீண்டும் அனுப்புவது வழக்கம். சாதாரண உரையாடலில் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொல்லைத் திருப்பி அனுப்பினாலே புரிந்துகொள்வார்கள். அழைப்புக்குறியில் பிசகினால் மட்டும் அப்படியே விடாதீர்கள். எதிர்முனையின் பதிவேட்டில் வேறொருவர் பெயரில் அந்தத் தொடர்பு ஏறிவிடும்.