வாசகர் கேள்வி–பதில்: ஒன்றுபோல் தோன்றும் பட்டர்களில் எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கென்று டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்தின் ஜட்ஜ், வார்டன் ஆகிய இரண்டு பட்டர் தட்டுகளையும், இன்னோவாவின் ஏவியாரையும் வைத்திருக்கிறேன். மூன்றின் பறப்பு எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் கைகொடுக்கும் தட்டு மறுநாள் காலை வாரிவிடுகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எதை அடிப்படையாகக் கொண்டு முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த எண்களை ஒதுக்கி வையுங்கள். ஜட்ஜுக்கு 2, 4, 0, 1 என்றும், வார்டனுக்கு 2, 4, 0, 0.5 என்றும், ஏவியாருக்கு 2, 3, 0, 1 என்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இவை முறையே ஸ்பீட் (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (தொடக்கத்தில் ஒரு பக்கமாகத் திரும்புவது), ஃபேட் (இறுதியில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து விழுவது) என்னும் நான்கு குணங்களைக் காட்டுபவை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் தட்டுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஏதுமில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 3-ஐ இன்னொன்றின் 4-உடன் ஒப்பிட்டு, பின்னது கூடுதலாக மிதக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒரே நிறுவனத்தின் ஜட்ஜையும் வார்டனையும் ஒப்பிடலாம் என்றாலும், ஃபேட்டில் உள்ள அரைப் புள்ளி வித்தியாசம் நீங்கள் கேட்கும் தூரத்தில் ஒரு பொருட்டே அல்ல. கூடையைச் சுற்றியுள்ள 10 மீட்டர் வட்டத்துக்குள், எறிந்தபின் நிலைதடுமாறாமல் நின்று காட்டிய பிறகே முன்னே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஓடிவந்து வீசும் வேகம் அங்கே கிடையாது. அத்தகைய மெதுவான, குறுகிய பறப்பில் அந்த அரைப் புள்ளி காட்டும் விலகல், மணிக்கட்டு சற்றே பிசகினால் நேரும் விலகலுக்குள் மறைந்துபோகும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விளிம்பைப் பாருங்கள், இன்னும் சரியாகச் சொன்னால், விளிம்பை விரல்களால் தடவிப் பாருங்கள். ஜட்ஜின் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் மெல்லிய புடைப்பு ஒன்று ஓடுகிறது. வார்டன் என்பது அந்தப் புடைப்பு நீக்கப்பட்ட ஜட்ஜ்தான். கட்டைவிரலை மேற்பரப்பில் வைத்து, மற்ற விரல்களை உட்பக்கமாக மடக்கிப் பிடிக்கும்போது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்தப் புடைப்பின் மீது எங்கே பதிகின்றன என்று கவனியுங்கள். சிலருக்கு அது விரல் மடிப்பில் கச்சிதமாக உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிப்பதற்கு வழிகாட்டும். வேறு சிலருக்கோ, கையை விட்டுத் தட்டு கிளம்பும் கணத்தில் அது விரலில் இடறி, தட்டை நடுங்க வைக்கும். விரல் நுனிகளை அடித்தளத்தில் விசிறிபோல் பரப்பிப் பிடித்து, அதிகம் சுழற்றாமல் முன்னே தள்ளி எறிபவர்களுக்குப் புடைப்பு இருப்பதும் இல்லாததும் பெரிதாக உறைக்காது. மணிக்கட்டைச் சுண்டிச் சுழற்சியோடு எறிபவர்களுக்கு, விளிம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அதுவே முதல் கேள்வியாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் மாறி மாறிக் கையில் எடுங்கள். பிடியைத் திருத்தாமலேயே எறியத் தோன்றுவது எதுவோ, அது பாதித் தேர்வில் தேறிவிட்டது.

மீதிப் பாதியைக் கூடையின் முன்னால் நடத்த வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள். புதிதாக வாங்கிய தட்டு முதல் வாரம் அற்புதமாக விழும்; அதற்குக் காரணம் தட்டு அல்ல, அதை எறியும்போது நாம் காட்டும் கூடுதல் கவனம். மேலும், தேய்ந்து மெருகேறிய பழைய ஜட்ஜையும் உறை பிரித்த புது வார்டனையும் வைத்து ஒப்பிடுவது நியாயமான போட்டி ஆகாது. எடை, பிளாஸ்டிக், தேய்மானம் ஆகிய மூன்றும் கூடுமானவரை ஒத்திருக்கட்டும். ஏழெட்டு மீட்டர் தூரத்தில் நின்று, தட்டுகளைக் கலந்து வைத்து எறியுங்கள். எத்தனை விழுந்தன என்பதைவிட, தவறியவை எங்கே போயின என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகள் சம எண்ணிக்கையில் விழுந்தாலும், ஒன்றின் தவறுகள் எப்போதும் இடப்பக்கமாகவே போய், மற்றொன்றின் தவறுகள் நாலாபுறமும் சிதறினால், முன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் தவறுவதைக் குறி மாற்றித் திருத்தலாம். சிதறலைத் திருத்த வழியில்லை.

முடிவு செய்தபின் அதே தட்டில், அதே எடையில், அதே பிளாஸ்டிக்கில் நாலைந்து வாங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரே சமயத்தில், ஒரே வார்ப்பிலிருந்து வந்தவற்றை வாங்குங்கள். ஏனெனில் ஒரே பெயர் பொறித்த தட்டுகளிலேயே ஒரு வார்ப்பில் மேற்பரப்பு தட்டையாகவும், மற்றொன்றில் சற்றே மேடாகவும் அமைந்துவிடுவது உண்டு. மேடானது பொதுவாகக் கூடுதலாக மிதக்கும். உண்மையில் ஜட்ஜா ஏவியாரா என்ற கேள்வியைவிட இது ஆட்டத்தை அதிகம் பாதிக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: விலை குறைந்த அடிப்படை பிளாஸ்டிக்கில் வாங்குவதா, விலை கூடிய உறுதியான பிளாஸ்டிக்கில் வாங்குவதா?

பதில்: கூடைக்கு எறிவதற்கு அடிப்படை பிளாஸ்டிக்கே போதும்; பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். அது கையில் நன்றாகப் பற்றும். அதன் குறை விரைவில் தேய்வது. மரத்திலும் கல்லிலும் மோதித் தேயத் தேய, இறுதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் குணம் குறைந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பும் குணம் கூடும். ஆகையால் கூடைக்கு எறியும் தட்டையே தொலைவிலிருந்து வீசவும் பயன்படுத்தாதீர்கள். அதே அச்சில் உறுதியான பிளாஸ்டிக்கில் இன்னொன்றை வாங்கித் தொலைவு எறிதலுக்கு ஒதுக்கினால், பிடியும் மாறாது, பட்டரும் பிழைக்கும். மென்மையா விறைப்பா என்பதைப் பொறுத்தவரை, குளிரில் எந்தத் தட்டும் மேலும் விறைக்கும், வெயிலில் தளரும் என்பதை நினைவில் வைத்து, நீங்கள் பெரும்பாலும் ஆடும் பருவத்துக்கு ஏற்ப எடுங்கள்.

கேள்வி: காற்று பலமாக வீசும் நாளுக்கென்று தனியாக ஒரு பட்டர் தேவையா?

பதில்: எதிர்க்காற்று தட்டைத் தூக்கிவிடும், பின்காற்று கீழே அழுத்தும். இதற்காக ஜட்ஜோடு வார்டனையும் பையில் சுமப்பதால் பயனில்லை, இரண்டும் காற்றில் ஏறக்குறைய ஒரேவிதமாகவே நடந்துகொள்ளும். தனியாக ஒன்று வேண்டுமென்றால், குணத்தில் தெளிவாக வேறுபட்டதை எடுங்கள். காஸ்டபிளாஸ்ட் நிறுவனத்தின் பெர்கிற்கு 1, 1, 0, 2 என்று எண். மிதப்பு மிகக் குறைவு என்பதால் காற்று அதைத் தூக்கிச் செல்வது கடினம். அது வேண்டாமென்றால், உங்கள் வழக்கமான தட்டையே அதிக எடையில் வாங்கலாம். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் பிடிஜிஏ அமைப்பு அனுமதிக்கும் உச்ச எடை, 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பட்டருக்கு அது 176 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

கேள்வி: புடைப்பு விரலில் இடறுகிறது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. வார்ப்பில் நேர்ந்த பிசிறுகளையும், ஆட்டத்தில் ஏற்பட்ட கீறல்களையும் மிதமாகத் தேய்த்துச் சமன்செய்ய மட்டுமே பிடிஜிஏ விதிகள் இடம் தருகின்றன. தட்டின் பறக்கும் தன்மையை மாற்றும்படி வடிவத்தைத் திருத்தினால், போட்டியில் அதைப் பயன்படுத்த முடியாது. நீங்கள் தேய்ப்பது ஜட்ஜ் என்றால், அந்தச் சிரமமே வேண்டாம், வார்டனை வாங்கிக்கொள்ளுங்கள்.