அக்கா தைத்த காலர்

அன்புள்ள ஐயா,

இங்கே மொரீஷியஸில், எபெனில் உள்ள ஒரு கால் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். பிரான்சிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு என் பெயர் நிக்கோலா. எங்கள் குழுவில் 22 பேர் இருந்தோம், சாட்பாட் வந்த பிறகு 13 பேர். அடுத்து யார் தலை உருளும் என்று தெரியவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மரத்தில் கப்பல் செய்வதில் பைத்தியம். ராத்திரி உட்கார்ந்து செய்கிறேன். 1744இல் நம் கடலில் மூழ்கிய 'சேன் ஜெரான்' கப்பலின் மாதிரி ஒன்றுக்கு 120 மணி நேரம் பிடிக்கிறது. சாமான் செலவு 2,500 ரூபாய். இரண்டு விற்றுவிட்டேன்: ஒன்று சித்தப்பாவுக்கு, ஒன்று சூப்பர்வைசருக்கு, தலா 9,000. எப்படியும் போகப்போகிற வேலை. நானே விட்டுவிட்டு இதில் இறங்கினால் என்ன? அப்பா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். கப்பலின் படம் அனுப்பியிருக்கிறேன்.

ச., ரோஸ் ஹில்

அன்புள்ள தம்பி,

நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். அப்படி உட்கார்ந்துகொண்டு 'மனசு சொல்கிறபடி போ' என்பது சுலபம். 'இருக்கிறதைப் பிடித்துக்கொள்' என்பது அதைவிடச் சுலபம். அதனால் அக்கா கதையைச் சொல்கிறேன்.

1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, அப்புறம் தீவெங்கும் தையல் ஆலைகள். அக்கா 1986இல் சேர்ந்தாள். கரும்புக் காட்டு வெயிலில் நின்ற எங்கள் அம்மாவுக்கு, மகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குவதே பெரிய பெருமை. 'இனி கவலையில்லை' என்று கோவிலில் தேங்காய் உடைத்தாள். எந்த நாடு எவ்வளவு துணி விற்கலாம் என்று அளவு வைத்திருந்த உலக ஜவுளி கோட்டா முறை 2005 ஜனவரி 1ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே ஆலைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்திருந்தன. அக்கா வேலை செய்த ஆலை அந்த வருடம் மூடியது.

வீட்டிலேயே தையல் கடை போடேன் என்றேன். "எனக்குச் சட்டை தைக்கத் தெரியாதுடா" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிஜம். பத்தொன்பது வருடமும் அவள் காலர் வரிசையில் இருந்திருக்கிறாள். கை வைப்பது ஒருத்தி, பொத்தான் துளை இன்னொருத்தி. கண்ணை மூடிக்கொண்டு காலர் வைப்பாள். முழுச் சட்டை தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய வெள்ளைச் சட்டையை அடுப்படி மேசையில் விரித்து, பிளேடால் தையல் தையலாகப் பிரித்தாள். துண்டுக்குத் துண்டு பென்சிலால் எண் போட்டாள். தோள்பட்டையைப் பிரித்தபோது, "ஓ, இங்கேதான் கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறார்களா" என்று தனக்குள்ளே பேசிக்கொண்டாள். திரும்பச் சேர்த்தபோது இடது கை வலது பக்கம் போயிருந்தது. மூன்றாவது சட்டையைத்தான் நான் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனேன். அதிலும் காலர் மட்டும் கடைச் சட்டையைவிட ஜோர்.

சர்க்கரையும் அப்படித்தான். நம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த விலையை ஐரோப்பா 2006 தொடங்கி 2009க்குள் 36 சதவீதம் குறைத்தது. இன்று தீவில் மிஞ்சியிருப்பது மூன்றே சர்க்கரை ஆலைகள். உங்கள் அப்பா இதையெல்லாம் கண்ணால் பார்த்தவராக இருப்பார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் கப்பல். 9,000இல் சாமான் செலவு போனால் 6,500. அதை 120ஆல் வகுத்தால் மணிக்கு 54 ரூபாய். 2024இல் அரசு வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 16,500, வாரம் 45 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 85. அதாவது ஆசைப்பட்ட தொழிலில் உங்களுக்கு நீங்களே சட்டத்துக்குக் கீழே கூலி கொடுக்கிறீர்கள். இரண்டு கப்பலும் போனது தெரிந்தவர்களிடம். சித்தப்பா வாங்கியது பாசத்தில், சூப்பர்வைசர் எதற்கு வாங்கினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பேரம் பேசி, முகம் சுளித்து, போய்விட்டுத் திரும்பி வந்து வாங்க வேண்டும். அந்தப் பகுதியை நீங்கள் இன்னும் தைத்துப் பார்க்கவில்லை.

அப்புறம், நம்மூர்க் கப்பலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள். 2020 மார்ச்சில் மூடிய எல்லை முழுசாகத் திறந்தது 2021 அக்டோபர் 1ஆம் தேதி. இப்போது பிரான்ஸ்காரர் போனை எடுத்தால் உங்களுக்குச் சோறு, நாளைக்கு அவர் விமானம் ஏறினால்தான் சோறு. வாடிக்கையாளர் அதே ஆள்தானே?

அதற்காக நிக்கோலாவாகவே இருந்து சாகுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஆட்குறைப்பு செய்வதென்றால், 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி முதலில் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும், இழப்பீடு பற்றிப் பேச வேண்டும். நீங்களாகப் போனால் அந்தப் பேச்சே எழாது. ஒன்பது வருட சர்வீஸ், சும்மா விடுகிற காசில்லை. வேலை இருக்கும்வரை சம்பளம் வாங்குங்கள், ராத்திரியில் கப்பல் செய்யுங்கள், சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போய் முகம் தெரியாதவர்களிடம் விலை சொல்லுங்கள். முதல் தடவை நாக்கு குழறும்.

படத்தைப் பார்த்தேன். கயிறு கட்டியிருக்கிற நேர்த்தி பிரமாதம். பாய் மட்டும் இப்போதுதான் சலவையிலிருந்து வந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. கியூர்ப்பி ஊர்ப் பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் பாய்த் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், பழைய கப்பல் நிறம் வந்துவிடும். அப்படி ஒன்று எனக்குச் செய்து கொடுங்கள். நான் உங்கள் சித்தப்பா இல்லை, பேரம் பேசுவேன். ஆனால் மணிக்கு 85 கூலியும் சாமான் செலவும் சேர்ந்த 12,700க்குக் கீழே விலை சொன்னால் வாங்க மாட்டேன்.