அணி இலக்கணம் மனப்பாடமாகத் தெரிந்தும் கவிதை புரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பத்தாவது படிக்கும் மகள் உவமை, உருவகத்துக்கு விளக்கம் ஒப்பிக்கிறாள், புதுப் பாட்டைக் கொடுத்தால் முழிக்கிறாள் என்கிறீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். இதே முழியை வாரம் ஐந்து நாள் பார்க்கிறேன்.

நான் முதலில் இலக்கணத்தை மூடி வைத்துவிடுவேன். மலர்முகம் என்றால் உவமை, முகமலர் என்றால் உருவகம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மார்க் வந்தது, கவிதை வரவில்லை.

போன வருஷம் ஒரு பையன், "இந்தப் புலவருங்கள்லாம் நேரா சொல்லவே மாட்டாங்களா சார்?" என்றான். அவன் அப்பாவுக்குக் கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடத்தில், நிலம். "வயல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"பால் பிடிக்கிற நேரம் சார். தண்ணிதான் தலைமடையோட நின்னுபோச்சு."

"பயிர் எங்கடா பால் பிடிக்கும்? மடைக்கு ஏது தலை?"

சற்று யோசித்துவிட்டுச் சிரித்தான். "பின்ன எப்படி சார் சொல்றது? நெல்லை நசுக்கினா வெள்ளையா பால்தானே வருது!"

புலவருக்கும் அதே அவஸ்தைதான் என்றேன். ஆடி 18 அன்று காவேரிக்கு மசக்கை என்று சித்ரான்னம் படைத்து, காதோலை கருகமணி விடுகிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கா உருவகம் புரியாது?

அதற்குப் பிறகுதான் சிலப்பதிகாரக் கானல்வரியை எடுப்பேன். "கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தாய் வாழி காவேரி" என்று மாதவி பாடுகிறாள். எதைப் பார்த்தாள்? மீனை. அதை என்னவாகச் சொன்னாள்? கண்ணாக. ஏன் கண்? இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீளவாக்கு, பளபளப்பு, ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது.

அதற்கு முன் கோவலன் பாடியது இன்னும் சுவை. "கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி" என்கிறான்; சோழன் கங்கையோடு கூடினாலும் நீ ஊட மாட்டாய் என்று பொருள். (திண்ணைக் கோடியில் ஒரு சிரிப்பு கேட்கும், கேட்கட்டும்.) அவன் பாடியது ஆற்றை, மாதவி காதில் விழுந்ததோ வேறொருத்தி. யாழை வாங்கி, தானும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள்போலப் பாடினாள். அன்றோடு கோவலன் பிரிந்து போனான். ஒரு பாட்டை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்பதற்குப் பூம்புகார்க் கடற்கரையைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணிக்குப் புத்தக உதாரணமே போதும். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில்தான் ஆடுகிறது. 'வராதே' என்று கோவலனுக்குக் கை காட்டுவதாகச் சொன்னது இளங்கோவடிகள். உடனே பிள்ளைகளைச் சொந்தமாக ஒன்று சொல்லச் சொல்வேன். மதகில் தண்ணீர் இரைகிறதே, அது என்ன சொல்கிறது?

அந்தக் கடைமடைப் பையன் சட்டென்று சொன்னான்: "உங்க ஊருக்கு வரமாட்டேன் போன்னு கத்துது சார்."