மூட்லியும் முதலியாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்பப் பெயர் மூட்லி (Moodley). இதற்கு என்ன பொருள்? இந்தப் பெயரில் பெரிய மனிதர்கள் யார் யார்? பேரனின் பிறப்புச் சான்றிதழில் 'முதலியார்' என்று திருத்திவிடலாம் என்கிறான் என் மகன். ஒரு 'ஓ'வைக் குறைத்தால் எண் கணிதப்படி நல்லது என்று ஒரு சோதிடர் சொல்கிறார். நாங்கள் நிஜமாகவே முதலியார்தானா?

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள ஐயா,

சோதிடரை விடுங்கள். அந்த இரட்டை ஓ அதிர்ஷ்டத்துக்கு வைத்ததல்ல. அந்தக் காலத்து ஆங்கிலக் குமாஸ்தாக்கள் உகரத்தை இரட்டை ஓவாகவும் ஈகாரத்தை இரட்டை ஈயாகவும் எழுதினார்கள். நாயுடுவும் (Naidoo) படையாட்சியும் (Padayachee) தங்கள் வால்களைப் பெற்றது அப்படித்தான். 'முதலி'யின் தகரம் ஆங்கில நாக்குக்கு வராது. அது டகரமாகத் தடித்து, நடுவில் இருந்த அகரமும் உதிர்ந்து, மூட்லி ஆயிற்று.

முதலி என்றால் முன்னிற்பவர், தலைவர். சோழர் கால, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அது அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் உரிய பட்டம். இலங்கையில் வெள்ளைக்காரன் காலம் வரை முதலியார் என்பது அரசாங்கப் பதவி, சிங்களவர்களும் வகித்தார்கள். தமிழ்நாட்டில் தொண்டைமண்டல வேளாளரும் முதலியார், செங்குந்தரும் முதலியார். பட்டம் ஒன்று, கூட்டம் பல. 'நிஜமாகவே முதலியாரா' என்று கேட்டால் நான் எந்த முதலியாரைச் சொல்வது? கடல் தாண்டி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, கைக்குழந்தையின் சான்றிதழில் சாதியைப் பளபளப்பாக்கிப் பார்க்க உங்கள் மகனுக்கு ஏன் இத்தனை அவசரம்? கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களாவது அவரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பெரிய மனிதர்கள் என்றால், நிறவெறியை எதிர்த்த கறுப்பு உணர்வு இயக்கத்துக்காக ராபன் தீவில் சிறையிருந்த ஸ்ட்ரினி மூட்லி இருக்கிறார். பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு பெயரைப் பிரித்துக் காட்டுகிறேன். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோன நம் தில்லையாடி வள்ளியம்மை. ஏடுகளில் அவர் வள்ளியம்மா முனுசாமி முதலியார். முதலாவது அவர் பெயர், இரண்டாவது அப்பாவின் பெயர், மூன்றாவது பட்டம். இதில் குடும்பப் பெயர் எது? எதுவுமில்லை! நம் வழக்கத்தில் அப்படியொரு கட்டமே கிடையாது. கட்டம் வெள்ளைக்காரனுடைய படிவத்தில் இருந்தது, அதில் எதையாவது போட்டாக வேண்டும். குமாஸ்தா அப்பாவின் பெயரைப் போட்டால் அந்தக் குடும்பம் இன்று முனுசாமி, பட்டத்தைப் போட்டால் மூட்லி. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் அமைந்தது இப்படித்தான். அதை வைத்துப் 'பங்காளிகள் இல்லை' என்று சண்டை போடுவது வீண்.

இதனால்தான் கப்பல் பதிவேட்டில் மூட்லி என்று தேடாதீர்கள் என்கிறேன். தேடினால் யாராவது கிடைப்பார்கள், உங்கள் ஆட்கள்தானா என்று சொல்ல முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை வந்த ஒன்றரை லட்சம் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பதிவேட்டில் ஒற்றைப் பெயர்தான். பக்கத்திலேயே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம். சாதிக் கட்டத்தையும் கல்லெழுத்தாக நம்பாதீர்கள். கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் வாய் சொன்னதைக் காது கேட்டபடி எழுதியது அது. பிடிமானம் காலனி எண் ஒன்றுதான், அதாவது ஒவ்வொரு கூலிக்கும் பதிவேட்டில் கொடுத்த எண். தாத்தாவின் பழைய பாஸ், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் அதைத் தேடுங்கள். எண் கிடைத்தால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அரசாங்க ஆவணமான மரண அறிவிப்பைப் பாருங்கள். இறந்தவரின் தாய் தகப்பன் பெயர் அதில் உண்டு. முன்னோர் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் சொந்தச் செலவில் வந்தவர் என்றால் எண்ணே இருக்காது. மொரீஷியஸ் வழியாக வந்திருந்தால் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. ஜில்லாக் கட்டத்தில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் உடனே வேலூருக்குக் கிளம்பிவிடாதீர்கள். 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆகும்வரை அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

ஆயாவின், அதாவது பாட்டியின், எண்ணையும் சேர்த்தே தேடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி எண் உண்டு. குடும்பமாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்து விழுந்திருக்கும். தாத்தாவின் பதிவு கிடைக்காவிட்டாலும் அவர் பதிவில் ஊர் இருக்கலாம்.