எந்த நாடு கொவிட்டை நன்றாகக் கட்டுப்படுத்தியது? திருகோணமலை மாவட்டத்தவர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நாடுகள் கொவிட்-19ஐ எப்படிக் கையாண்டன, எந்த அளவுகோலால் அவற்றை ஒப்பிடுவது என்ற இரண்டுக்கும் மட்டும் பதில் தருகிறேன். மருந்து, சிகிச்சை பற்றியவற்றை உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை: தொற்றாளர் எண்ணிக்கையை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தாதீர்கள்.

உவர்மலை: சேர், சுருக்கமாகச் சொல்லுங்கள், முதலிடம் யாருக்கு?

2020, 2021 இரண்டையும் சேர்த்து, மேலதிக மரணங்களை (வழக்கமாக எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக நடந்தவற்றை) அளவாக எடுத்தால் நியூசிலாந்து முன்வரிசையில் நிற்கும். அந்த இரண்டு ஆண்டுகளில் அங்கே வழக்கமாக எதிர்பார்க்கும் மரணங்களைவிடக் குறைவாகவே நடந்தன. 2020ஐ மட்டும் எடுத்தால் தாய்வானும் வியட்நாமும் பக்கத்தில் வரும். காலத்தை மாற்றினால் வரிசையும் மாறும்.

கிண்ணியா: தொற்றாளர் எண்ணிக்கை பிழை என்கிறீர்கள். எல்லா நாடும் அதைத்தானே நாளாந்தம் வெளியிட்டது?

வெளியிட்டது உண்மை, நானா. ஆனால் அந்த எண் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைச் சொல்வதில்லை, எத்தனை பேரைப் பரிசோதித்துப் பிடித்தார்கள் என்பதையே சொல்கிறது. பீ.சீ.ஆர். குறைவாகச் செய்தால் தொற்றாளரும் குறைவு. அதனால்தான் 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், செய்யும் பரிசோதனைகளில் தொற்று உறுதியாகும் பங்கு இரண்டு கிழமைக்கு 5 வீதத்துக்குக் கீழே நின்ற பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்றது. அந்தப் பங்கு 20 வீதமென்றால் பிடிபடாதவர்கள் ஊருக்குள் நிறைய இருக்கிறார்கள் என்று பொருள்.

கேரளத்தைப் பாருங்கள். 2021 நடுப்பகுதியில் இந்தியாவில் அதிகத் தொற்று பதிவான மாநிலங்களில் அது ஒன்று. 'கேரளம் தோற்றுவிட்டது' என்று எழுதினார்கள். அந்த ஜூன், ஜூலையில் நடந்த தேசிய இரத்த மாதிரி ஆய்வில் இந்தியா முழுவதும் 67.6 வீதத்தினரிடம் எதிர்ப்புடலம் (தொற்று வந்ததாலோ ஊசி போட்டதாலோ இரத்தத்தில் உண்டாகும் அடையாளம்) இருந்தது. கேரளத்தில் 44.4 வீதம், மத்தியப் பிரதேசத்தில் 79 வீதம். நோய் குறைவாகப் பரவிய மாநிலம் தேடிப் பிடித்ததால் கூடுதலாகக் காட்டியது.

பதிவான கொவிட் மரணங்களையும் அப்படியே நம்ப முடியாது. பெரு 2021 மே மாத இறுதியில் தன் பதிவுகளை மீளாய்வு செய்தபோது ஏறக்குறைய 69,000 ஆக இருந்த மரணத்தொகை 180,000ஐத் தாண்டியது. ஒரே நாளில் அந்த நாடு மக்கள்தொகைப்படியான உலக வரிசையின் உச்சிக்குப் போனது. நோய் மாறவில்லை, எண்ணிய முறைதான் மாறியது.

தம்பலகாமம்: மேலதிக மரணத்தை எப்படிக் கணக்கிடுவது? ஆசிரியராக இருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். கொவிட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல், எல்லாக் காரணத்தாலும் நடந்த மரணங்களை எடுக்க வேண்டும். கொள்ளைநோய் வராவிட்டால் எத்தனை மரணம் நடந்திருக்கும் என்பதை 2015 முதல் 2019 வரையான பதிவிலிருந்து கணக்கிட்டு, நடந்ததிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வீதமாக வரும். அப்போதுதான் சிறிய நாட்டையும் பெரிய நாட்டையும் பக்கத்தில் வைக்கலாம்.

பிழை நடப்பது எதிர்பார்த்த எண்ணில். பயிற்சிக்காக ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 160, 164, 168, 172, 176 மரணங்கள். சராசரி 168. ஆனால் ஊரில் முதியோர் கூடி வருவதால் ஆண்டுக்கு 4 ஏறுகிறது. அந்தப் போக்கில் ஆறாம் ஆண்டுக்கு எதிர்பார்க்க வேண்டியது 180. நடந்தது 207 என்றால் சராசரியை வைத்தவருக்கு 23 வீதம் மேலதிகம், போக்கை வைத்தவருக்கு 15 வீதம். இரண்டு பேரும் ஒரே பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே யாராவது மேலதிக மரணம் என்று எண்ணைக் காட்டினால், அடித்தளம் சராசரியா, போக்கா என்று முதலில் கேளுங்கள்.

மாவட்ட மட்டத்தில் இன்னொரு சிக்கல். இலங்கையில் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ மாற்றப்பட்ட நோயாளி அங்கே இறந்தால் அந்த எண் அங்கேதான் சேரும். வதிவிட முகவரிப்படி பிரித்த பிறகே மாவட்டங்களை ஒப்பிடலாம். பதிவு பிந்தி வரும் என்பதால் கடைசி மாதங்களின் எண்ணையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

இதே வழியில் உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு: 2020, 2021இல் உலகில் 14.9 மில்லியன் மேலதிக மரணங்கள். நாடுகள் அறிவித்த கொவிட் மரணங்கள் 5.4 மில்லியன்தான்.

நிலாவெளி: நியூசிலாந்தை உதாரணம் காட்டாதீர்கள். சுற்றிவரக் கடல், ஐந்து மில்லியன் சனம். யார் என்றாலும் செய்திருப்பார்கள்.

மூதூர்: நாங்களும் தீவுதானே? எங்களால் ஏன் கடைசிவரை முடியவில்லை?

இரண்டையும் சேர்த்தே எடுக்கிறேன். தீவு என்பது எல்லையை மூடுவதைச் சுலபமாக்கும், அவ்வளவுதான். மூடுவதா, எப்போது மூடுவது என்பதை அரசுதான் முடிவெடுக்க வேண்டும். பிரித்தானியாவும் தீவு. அது 2020 மார்ச் 12இல் சமூகத்தில் பரிசோதித்துத் தொடர்பாளரைத் தேடும் வேலையை நிறுத்தியது. வெளிநாட்டிலிருந்து வருவோருக்குத் தனிமைப்படுத்தலைக் கட்டாயமாக்கியது ஜூன் 8இல்தான். முடக்கம் வந்தபோது முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நியூசிலாந்து மார்ச் 25இல் முழு முடக்கத்துக்குப் போனபோது தொற்றாளர் சுமார் 200, மரணம் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் வருவோர் எல்லோரையும் 14 நாள் அரசு நிலையத்தில் வைத்தது. வித்தியாசம் கடலில் இல்லை, நாட்களில்.

நிலாவெளி: அப்படியென்றால் தரை எல்லை உள்ள நாடு ஒன்றைக் காட்டுங்கள்.

வியட்நாம். சீனாவோடு 1,200 கிலோமீற்றருக்கும் கூடிய எல்லை, ஏறக்குறைய 97 மில்லியன் மக்கள். 2020 ஜூலை 31 வரை அங்கே ஒரு கொவிட் மரணமும் பதிவாகவில்லை. தொற்றியவரை F0, அவரோடு பழகியவரை F1, F1ஓடு பழகியவரை F2 என்று அடுக்கடுக்காகத் தேடினார்கள். F1 அரச நிலையத்தில், F2 வீட்டில். அதே வியட்நாம் 2021இல் டெல்டா என்ற வைரஸ் திரிபு வந்தபோது ஹோ சி மின் நகரத்தில் கடுமையாக அடிபட்டது. அப்போது தடுப்பூசி பெற்றவர்கள் மிகக் குறைவு. முதலில் வாங்கிய கால அவகாசத்துக்குள் ஊசி ஏற்றி முடிக்கவில்லை.

மூதூர்: இலங்கை பற்றிச் சொல்லவில்லையே.

சொல்கிறேன். 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டது, ஊரடங்கு போட்டார்கள், படையினரின் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இயங்கின, பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வீடு வீடாகத் தொடர்பாளரைத் தேடினார்கள். ஒக்டோபர் தொடக்கம் வரை 13 மரணங்கள்தான். அந்த ஆண்டு நாட்டில் பதிவான மொத்த மரணங்களே 2019ஐவிடக் குறைவு. அது தரமான வேலை, யாரும் மறுக்க முடியாது.

பிறகு மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலைக் கொத்தணி, அதாவது ஒரே இடத்தோடு தொடர்புபட்ட தொற்றாளர் கூட்டம். ஒருவரைக் கண்டுபிடித்த சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அத்தனை பேர் ஓரிரு நாளில் தொற்றியிருக்க முடியாது. வைரஸ் கிழமைக்கணக்கில் அங்கே ஓடியிருக்கிறது. காய்ச்சலோடு வரும் ஆட்களை வழமையாகப் பரிசோதிக்கும் வேலை அந்த அமைதியான மாதங்களில் தளர்ந்தால் இதுதான் நடக்கும்.

நிலாவெளி: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சனம் குறைவு என்பதும் உதவியதே.

உதவியது. அதை மறுக்கவில்லை. 23 மில்லியன் பேர் நெருக்கமாக வாழும் தாய்வான் 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எட்டு மாதம் உள்ளூர்த் தொற்று இல்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்து வையுங்கள். 2019 டிசம்பர் 31 அன்றே வூஹானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைச் சோதித்தார்கள். இத்தோடு தீவு விடயத்தை விட்டுவிடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருக்கடலூர்: பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் பரவிய பிறகு எங்கள் மீனை ஒருவரும் வாங்கவில்லை. மீனால் பரவியதா?

இல்லை. நெரிசலான மொத்தச் சந்தை, சத்தமாக ஏலம் கூறுவது, பல மாவட்டத்து வியாபாரிகள் ஒரே இடத்தில் கூடுவது. அதுதான் காரணம். தொற்றியவர்களில் 10 முதல் 20 வீதத்தினரிடமிருந்தே 80 வீதமளவு தொற்று பரவும் நோய் இது. அதனால் ஜப்பான் தொடர்பாளரைப் பின்னோக்கித் தேடியது: இவர் யாருக்குக் கொடுத்தார் என்பதோடு, எந்தக் கூட்டத்தில் வாங்கினார் என்றும் கேட்டது. மீனை நிறுத்தியதால் நட்டப்பட்டவர்கள் நீங்கள். பரவலை நிறுத்தியிருக்க வேண்டிய இடம் சந்தையின் நெரிசல்.

கிண்ணியா: கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) கட்டாயமாக எரித்தது விஞ்ஞானத்தின்படி சரியா?

சரியில்லை. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்தது. இங்கே 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் தொடங்கியது. குடும்பங்களுக்கு நேர்ந்த வேதனை ஒருபக்கம். கட்டுப்பாட்டுக்கும் அது கேடு: உடலை எரிப்பார்கள் என்று பயந்தவர் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வருவார், அல்லது வரவே மாட்டார். தொடர்பாளர் பட்டியலும் கிடைக்காது.

கந்தளாய்: எந்த நாடு சேர் முதலிடம்?

மேலே முதற் பதிலில் இருக்கிறது.

சம்பூர்: ஊசி போட்ட பிறகு மூட்டுவலி...

இது டொக்டரிடம் காட்ட வேண்டியது. தாமதிக்காமல் போங்கள்.

குச்சவெளி: ஆபிரிக்காவில் மரணம் குறைவு, ஜப்பானில் கூடுதல். அப்போ ஆபிரிக்கா கெட்டிக்காரரா?

வயதைப் பாருங்கள், தம்பி. 65 வயதுக்குக் கீழே மில்லியனுக்கு 200 பேர், மேலே 5,000 பேர் இறக்கும் நோய் என்று வையுங்கள். முதியோர் 28 வீதமுள்ள நாட்டில் மில்லியனுக்கு 1,544 மரணம் வரும். 11 வீதமுள்ள நாட்டில் 728. இரண்டும் ஒரே அளவு திறமையோடு வேலை செய்தும் ஒன்று இரட்டிப்பாகத் தெரிகிறது. வயதுக்குச் சீர்செய்யாத எண்ணை ஒப்பிட வேண்டாம். பல நாடுகளில் மரணப் பதிவே முழுமையில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

அலஸ்தோட்டம்: சுவீடன் பூட்டவே இல்லை, நல்லாத்தானே இருந்தது?

2020இல் நன்றாக இல்லை. பதிவான மரணங்கள் மக்கள்தொகைப்படி நோர்வேயைவிடப் பத்து மடங்குக்கும் மேல், முதியோர் இல்லங்களில் பெரும் இழப்பு. மூன்று ஆண்டுகளின் மேலதிக மரணத்தைக் கூட்டினால் ஐரோப்பாவில் குறைந்த நாடுகளில் ஒன்று. சிறு வகுப்புப் பாடசாலைகளை மூடாமல் வைத்தது பெரிய ஆதாயம். இலங்கைப் பிள்ளைகள் 2020 மார்ச்சிலிருந்து இழந்ததை எந்த மரணக் கணக்கும் காட்டாது. 'பூட்டவே இல்லை' என்பதும் பிழை: 50 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது.

பாலையூற்று: தொற்றாளர் குறைவாக இருந்த நாடுதானே சேர் வெற்றி?

இல்லை. கிண்ணியாவுக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

வெருகல்: உயர்தர மாணவி. ஒப்படைக்கு நாலு நாடு ஒப்பிட வேண்டும். எப்படித் தொடங்குவது?

பிள்ளை, நியூசிலாந்து, ஹொங்கொங், பெரு, இலங்கை எடுங்கள். 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை ஒரே காலம் எல்லாவற்றுக்கும். மேலதிக மரண வீதம் ஒரு நிரல், 80 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி எப்போது ஏறியது என்பது இன்னொரு நிரல், பாடசாலை மூடிய நாட்கள் மூன்றாவது. ஹொங்கொங்கை 2021 இறுதியில் ஒருமுறை, 2022 ஜூனில் ஒருமுறை தனித்தனியாகக் குறியுங்கள். முதல் இரண்டு ஆண்டில் அங்கே மரணம் 200ஐச் சற்றே தாண்டியது. ஒமிக்ரோன் வந்த சில மாதங்களில் ஏறக்குறைய 9,000, பெரும்பாலும் ஊசி போடாத முதியோர். நியூசிலாந்து 12 வயதுக்கு மேற்பட்டோரில் 90 வீதமளவுக்கு ஊசி ஏற்றிய பின்தான் எல்லையைப் படிப்படியாகத் திறந்தது. ஹொங்கொங், நியூசிலாந்து இரண்டின் மரணக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, தடுப்பூசித் திகதிகளை அதன்மேல் குறியுங்கள்.