பீரோவில் கிடக்கும் சுற்றுலா கேசட்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: 1996ஆம் ஆண்டு மே விடுமுறையில் எங்கள் கூட்டுக் குடும்பம் முழுவதும் வேன் பிடித்துச் சுசீந்திரம், கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை ஆகிய இடங்களைச் சுற்றிப் பார்த்து வந்தது. வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்திருந்த கேமராவில் என் அப்பாதான் எல்லாவற்றையும் படம் பிடித்தார். அந்த விஎச்எஸ் கேசட் பீரோவில் இருக்கிறது. போட்டுப் பார்க்க டெக் இல்லை. அப்பா காலமாகிவிட்டார், அம்மா அதைப் பார்க்க ஆசைப்படுகிறார். என் மகனோ, பத்து நிமிடத்துக்கு வெட்டி, பின்னணியில் சினிமாப் பாட்டுச் சேர்த்துவிடலாம் என்கிறான். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மகன் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேசட்டில் இருப்பதை ஒரு நொடியும் விடாமல் கணினிக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. வீடியோ டெக் தயாரிப்பில் கடைசி வரை இருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிறவை எல்லாம் பழைய டெக்குகளே, அவற்றுக்கு ஹெட் (நாடாவில் உள்ளதைப் படிக்கும் பாகம்) கிடைப்பதும் அரிதாகி வருகிறது.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டை இன்னொரு முறை தேடிப் பாருங்கள். அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கைக்கேமராக்களில் பல, ஆடியோ கேசட் அளவே உள்ள எட்டு மில்லிமீட்டர் கேசட்டில் பதிவு செய்பவை. ஊரில் உள்ள ஸ்டுடியோவில் கொடுத்து அதைத்தான் விஎச்எஸ்ஸாக மாற்றி வாங்குவார்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது நகல். நகல் எடுக்கும்போதே நிறமும் கூர்மையும் ஓரளவு போயிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, ஸ்டுடியோக்காரர் அழகுக்காகப் பாட்டைச் சேர்த்து, அசல் ஒலியை அழித்திருக்கக்கூடும் என்பது. சிறிய கேசட் கிடைத்தால் அதிலிருந்துதான் மாற்ற வேண்டும். அந்தக் கேமரா பழுதாகியிருந்தாலும், பின்னாளில் வந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் அந்தப் பழைய கேசட்டுகளையும் ஓட்டிக் காட்டும்.

கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி போலவோ ஒட்டடை போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை அடுத்து போடும் கேசட்டுகளுக்கும் பரவும், நாடா அறுந்துபோகவும் கூடும். கடைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லி, சுத்தம் செய்யத் தெரிந்தவரா என்று கேட்டறிந்த பிறகு கொடுங்கள். சுத்தமாக இருந்தால், பதிவு அழிந்துவிடாதபடி கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டு, கடைசி வரை ஒரு முறை ஓட்டிப் பின்னுக்குச் சுற்றிய பிறகு பதிவைத் தொடங்கச் சொல்லுங்கள். டிவிடியில் மட்டும் வாங்காமல் கோப்பாகவும் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும்.

இனி, வெட்டுவதைப் பற்றி. அக்காலக் குடும்ப வீடியோக்களில் கேமராவைக் கண்டதும் எல்லோரும் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றுவிடுவார்கள். அரண்மனை வாசலிலும் விவேகானந்தர் பாறையிலும் எடுத்தவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்; அந்த இடங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். வேனுக்குள் நடந்த வாக்குவாதம், புளியோதரைப் பொட்டலம் கைமாறிய விதம், படகில் ஏற மாட்டேன் என்று ஒரு குழந்தை அடம்பிடித்தது ஆகியவற்றை இனிப் பார்க்க முடியாது. வெட்ட உட்காருகிறவர் முதலில் தூக்கி எறிவதும் இவற்றைத்தான். தவிரவும், படம் பிடித்தவர் உங்கள் அப்பா என்பதால் அவர் முகம் அதிகம் தெரியாது. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்பது போன்ற குரலாகத்தான் அவர் அதில் இருப்பார். பாட்டைச் சேர்த்தால் அழிவது அந்தக் குரல். மகன் பத்து நிமிடப் படம் தயாரிக்கட்டும், ஆனால் பாட்டில்லாமல், ஒரு பிரதியிலிருந்து.

அம்மா முதன்முறை பார்க்கும்போது, அவர் சம்மதித்தால், பக்கத்தில் உங்கள் கைப்பேசியை வைத்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, அந்தப் புடவை எங்கே வாங்கியது, யாருக்கு யாரோடு அப்போது பேச்சில்லை என்பதையெல்லாம் அவர் தாமாகவே சொல்வார். கேள்வி கேட்டு உட்கார்ந்தால் அவ்வளவும் வராது.

கேள்வி: எங்கள் கன்னியாகுமரிப் பயணம் 1999இல் நடந்ததா, 2001இல் நடந்ததா என்று வீட்டில் சண்டை. வீடியோவின் மூலையில் 1990 ஜனவரி 1 என்று தெரிகிறது.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: மூலையில் தெரியும் தேதியை நம்ப வேண்டாம். கேமராவின் கடிகார பேட்டரி தீர்ந்தால் தேதி தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ஜனவரி 1 என்று இருப்பதே அதற்கு அறிகுறி. கடலைப் பாருங்கள். 133 அடித் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1 அன்று. விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்துப் பாறையில் சிலை முழுமை பெறாமலோ சாரத்தோடோ தெரிந்தால் 1999 என்பவர் வென்றார். மக்கள் சிலையின் பீடத்தில் ஏறி நின்றால் 2001 என்பவர். சிலை தூரத்தில் முழுமையாக மட்டும் தெரிந்தால் அவசரப்படாமல், வழியில் உள்ள சுவர்களில் படத்தை நிறுத்தி சினிமா போஸ்டரைப் படியுங்கள். படம் வெளியான தேதியை எளிதில் அறியலாம். நம் ஊர்ச் சுவர்களில் போஸ்டர் நெடுநாள் தங்குவதுமில்லை. கடைப் பலகையில் ஆங்கிலத்தில் “மெட்ராஸ்” என்றிருப்பதை வைத்து வழக்காடாதீர்கள். 1996இல் பெயர் மாறிய பிறகும் பழைய பலகைகள் பல ஆண்டுகள் தொங்கின.

கேள்வி: எங்கள் ஊட்டி வீடியோவில், பின்னர் விவாகரத்தாகிப் பிரிந்த அண்ணியும் இருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவர் வரும் பகுதிகளை நீக்கிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். குழுவில் போடும் பிரதியைப் பற்றி முதலில் அண்ணனிடமும், பேசும் நிலை இருந்தால் அவரிடமும் கேளுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அண்ணி இல்லாத பகுதிகளை மட்டும் அனுப்புங்கள். அவர் கேட்டால் முழுப் பிரதியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.