பாட்டியின் கெம்பு அட்டிகை

ஐயா வணக்கம். மறைந்த எங்கள் பாட்டியின் கெம்பு (சிவப்புக் கல்) பதித்த அட்டிகையைப் போட்டுப் புது நகை எடுக்கலாம் என்று வேலூர் லாங் பஜாருக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் கல்லையும் அதன் அடியில் உள்ள அரக்கையும் கழித்துவிட்டுப் பொன் எடைக்கு மட்டும் விலை சொன்னார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றுதான் பாட்டி அதைப் பெட்டியிலிருந்து எடுப்பார். கல்லுக்கு மதிப்பே இல்லை என்றால் அந்தக் காலத்தில் ஏன் பதித்தார்கள்?
ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரியான கணக்கு. உருக்கினால் மிஞ்சுவது பொன்தான். அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போக அந்தக் காலத்திலும் கெட்டி வளையல், காசுமாலை இருந்தன. கல் வைத்த நகையை விற்றால் நஷ்டம் என்பது செய்யச் சொல்லும்போதே வீட்டாருக்குத் தெரியும். இவ்வளவு பணத்தை முடக்கி வைக்க எங்களால் முடியும் என்று ஊருக்குக் காட்டத்தான் தெரிந்தே செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அடையாளம். உருக்கிய பொன் யார் வீட்டுப் பொன் என்று யாரும் சொல்ல முடியாது. கல் சொல்லிவிடும். சிலப்பதிகாரத்தில் வழக்கே அதில்தான் தீர்கிறது: பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ராஜராஜன் கொடுத்த நகைகளில் வயிரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். முத்திலும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வகை உண்டு. வயிரத்தில் ரத்தபிந்து, காகபிந்து என்னும் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அந்தக் குற்றமும் பதிவாகியிருக்கிறது. மன்னன் சாமிக்குக் கொடுத்த பொருள், அதில் உள்ள பழுதைக்கூட மறைக்கவில்லை! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நெகிழ்ந்துபோகிறேன்.

நகையின் பெருமையைப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். 1930-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் பொன், வெள்ளி நகை அணியக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடை போட்டார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் என்ன கிடக்கலாம் என்பதை ஊர் தீர்மானித்த கொடுமை நம் தாத்தா பாட்டி காலத்தில்தான் நடந்தது.

அட்டிகையை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். செயற்கை மாணிக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எனவே கெம்பு எந்த வகை என்று கல் பார்க்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். எந்த வகையானாலும் அந்த வேலைப்பாடு போனால் திரும்ப வராது. அரக்கு தளர்ந்து கல் ஆடினால், கல் பதிக்கும் ஆசாரி சரிசெய்து தருவார். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, எடையையும் கல் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டி பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.